எறும்பு குடை வாங்கிய பிறகு

எனக்கு முன்னால் பேச வேண்டியவர் இன்னும் முடிக்கவில்லை என்று பியூலா மேடம் சொன்னார். அவர் ஆரம்பித்து நாலைந்து மழைக்காலம் ஆகிறது. கொஞ்சம் உட்காருங்கள் என்றார்.

பியூலா மேடம் ஆசிரியர் பயிற்சி மையத்தின் ஒருங்கிணைப்பாளர். நான் குழந்தைகளுக்குப் பாட்டும் படக்கதையும் எழுதுகிறவள். பெயர் உலகம்மை. எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு என் புத்தகங்களைப் படித்துக் காட்டி, வகுப்பில் பாட்டையும் கதையையும் எப்படிச் சொல்வது என்று பேச வேண்டும். போனில் காலை அமர்வு என்றார்கள். எந்தக் காலை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆசிரியர்கள் எல்லோரும் பயிற்சிக்கு வந்து அரங்கிலேயே தங்கிவிட்டார்கள். அதனால் ஊரில் பள்ளிகள் விட்ட இடத்தில் நின்றிருந்தன.

என் மகள் மைனா இரண்டாம் வகுப்பு. அவளுடைய டீச்சர் சண்முகக்கனி, கரும்பலகையில் ‘மழை பெய்தால்’ என்று எழுதியபோது பயிற்சிக்கு நேரமாகிவிட்டது. சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு, வந்து முடிக்கிறேன் என்று சொல்லிப் போனவர். வாக்கியம் முடியாததால் பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்குப் போக முடியவில்லை. வயதும் ஏறவில்லை. பிறந்த நாள் வரும்போது மைனாவுக்குக் கேக் வாங்குவோம். ஏழு முடிந்து மறுபடி ஏழு தொடங்கும்.

அதுவரை வகுப்பைத் தானே பார்த்துக்கொள்வதாகத் தலைமையாசிரியர் சொன்னார். கொஞ்ச நாளில் அவர் சுவர்க் கடிகாரமாகிவிட்டார். பிள்ளைகள் காலையில் எழுந்து அவருக்கு வணக்கம் சொல்வார்கள். அவர் மணி அடிப்பார். மற்றபடி அவரால் பெரிய தொந்தரவு இல்லை.

உண்மையில் எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. எதை எழுதினாலும் முதலில் மைனாவிடம்தான் படித்துக் காட்டுவேன். அவள் சிரித்தால் வைத்துக்கொள்வேன், கொட்டாவி விட்டால் அடித்துவிடுவேன். என் வேலைக்கு வீட்டில் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று எப்போதும் இருப்பது நல்லது. இரவில் என் கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்குவாள். அது மாற வேண்டும் என்று நான் நினைத்ததில்லை.

மைனாவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் ஓரிடத்தில் நிற்க மாட்டாள். அன்று நான் செருப்பை மாட்டும்போது வாசலில் வந்து நின்றாள்.

“டீச்சரைக் கூட்டிட்டு வாம்மா. எனக்கு இரண்டாம் வகுப்பு போதும்.”

பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம் என்பது அவளுக்குத் தெரியும். ஏழு வயதிலேயே நிறைய நாள் இருந்துவிட்டாள்.

*

அரங்குக்கு வெளியே ஒரு நடை. அதில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். முழங்கால் தாடையில் இடிக்கும்படி ஒன்றில் உட்கார்ந்தேன். கதவு பக்கத்தில்தான் இருந்தது. உள்ளே ஓர் ஆண் குரல் கரகரவென்று எதையோ படித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பல பேர் சேர்ந்து ஒரே சொல்லைச் சொன்னார்கள். என்ன சொல் என்று பிடிபடவில்லை.

அடுத்த நாற்காலியில் ஓர் அம்மா மடியில் தூக்குச்சட்டியுடன் இருந்தார். அவருக்குப் பின்னால் கொடி கட்டி வேட்டியும் துண்டும் காயப்போட்டிருந்தது. உள்ளே பேசுகிறவரின் மனைவி என்று தெரிந்துகொண்டேன். பேசுகிறவர் வேதமுத்து. எனக்கு முந்தின தலைமுறை எழுத்தாளர். பார்த்ததில்லை, கேள்விப்பட்டிருக்கிறேன். அவர் மனைவியின் பெயர் ரூபவதி.

சட்டியில் என்ன அக்கா என்று கேட்டேன். தேங்காய்ப்பால் சொதி என்றார். அவர் உள்ளே போன அன்று வைத்தது, இன்னும் சூடாகத்தான் இருக்கிறது, அவர் வந்ததும் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவோம் என்றார். பதற்றமே இல்லாமல் சொன்னார்.

அவருடைய நிதானம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. முதுகைச் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு, சாவகாசமாக உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால் கதவு தள்ளிப் போயிருந்தது. நடுவில் புதிதாகத் தூண்கள் வந்திருந்தன. ஒரு தண்ணீர்த் தொட்டியும் வந்திருந்தது.

அந்த வழியாகப் போன பியூலா மேடத்திடம் கேட்டேன்.

“இந்த நடை நீளுதே மேடம்.”

“பொறுமையா இருந்தா நீளும்.”

“அப்ப உள்ளே எப்படிப் போறது?”

“பொறுமை இல்லாதவங்க போயிடுறாங்க.”

எனக்குச் சின்ன வயதிலிருந்தே உட்கார்ந்தால் கால் ஆட்டுகிற பழக்கம் உண்டு. வீட்டில் திட்டித் திட்டி நிறுத்தியிருந்தார்கள். இப்போது ஆட்டினேன். ஒரு தூண் குறைந்தது. வாட்ச்சைப் பார்த்தேன், பையைத் திறந்து மூடினேன், உச்சுக்கொட்டினேன். தண்ணீர்த் தொட்டி என்னைத் தாண்டிப் பின்னால் போனது. மைனாவை நினைத்தேன். பள்ளி விடும் நேரத்துக்குள் போக வேண்டுமே என்று நினைத்தேன். கதவு முழங்காலில் வந்து இடித்தது.

நீங்களும் கால் ஆட்டுங்கள் அக்கா என்று திரும்பிச் சொன்னேன். ரூபவதி அக்கா வெகுதூரத்தில் இருந்தார். ஆட்டிப் பார்த்தார். வரவில்லை.

“எனக்கு வராதும்மா,” என்றார். அவ்வளவு தூரத்திலிருந்தும் குரல் காதருகே கேட்டது. “கல்யாணமான நாள்ல இருந்து, இவரு எழுதி முடிக்கட்டும் எழுதி முடிக்கட்டும்னு இருந்து பழகிட்டேன். நீ போ. சொதி இருக்குன்னு மட்டும் சொல்லிரு.”

*

உள்ளே ஊரின் எல்லா ஆசிரியர்களும் ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓய்வு பெறும் வயதில் இருந்தவர்களும் வாயைத் திறந்தபடி மேடையைப் பார்த்தார்கள். ஒருவர் கட்டைவிரலை வாயில் வைத்திருந்தார். அவர் மீசைக்கு அது பொருந்தவில்லை.

மேடையில் வேதமுத்து ஐயா மெலிந்து போய் நின்றிருந்தார். கையில் ஒரு படக்கதைப் புத்தகம். அட்டையில் ஓர் எறும்பு. அவர் பக்கத்தைப் படிப்பார், படத்தை எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டுவார், மூட்டு வலிக்கக் கையை இறக்குவார். உடனே அரங்கம் முழுவதும் சேர்ந்து கேட்கும்.

“அப்புறம்?”

நடையில் எனக்குப் பிடிபடாத சொல் இதுதான். அவர் பக்கத்தைத் திருப்புவார். கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் இன்னொரு பக்கம் இருக்கும். அதில் வண்ணம் ஈரமாக இருக்கும்.

பியூலா மேடம் என் காதில் விளக்கினார். ஆசிரியர்கள் குழந்தைகளைப் போலக் கதை கேட்கப் பழக வேண்டும் என்பதுதான் பயிற்சியின் நோக்கம். பயிற்சி வெற்றி பெற்றுவிட்டது. வெற்றி பெற்ற பயிற்சியை இடையில் நிறுத்தச் சட்டத்தில் இடமில்லை.

வேதமுத்து ஐயா என்னைப் பார்த்துவிட்டார். தண்ணீர் குடிக்கிற சாக்கில் மேடை ஓரம் வந்தார். நான் சொதியைப் பற்றிச் சொன்னேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு நடந்ததைத் தணிந்த குரலில் சொன்னார்.

எறும்பு ஒன்று குடை வாங்கப் போகிறது. அதுதான் கதை. அச்சான கடைசிப் பக்கத்தில் குடை வாங்கிவிட்டது. கைதட்டுவார்கள் என்று நின்றிருந்தார். அப்புறம் என்று கேட்டார்கள். சரி, ஒரு பக்கம்தானே என்று, குடை ஒழுகியது என்று சொன்னார். அப்புறம் என்றார்கள். எறும்பு கடைக்காரரிடம் சண்டை போட்டது. கடைக்காரரின் தங்கையைக் கல்யாணம் செய்துகொண்டது. வார்டு கவுன்சிலர் ஆனது. தெருவுக்குச் சாக்கடை கட்டியது. போன வாரம், மனதைக் கல்லாக்கிக்கொண்டு, எறும்பைச் சாகடித்துவிட்டார்.

“குழந்தைகளுக்கு எழுதி ஒரு உயிரைக்கூடக் கொன்னதில்லம்மா நான்,” என்றார். “அப்பவும் கேட்டாங்க. இப்ப குடைக்கு என்ன ஆச்சுன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்.”

குடை யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். என்னையும் மீறி வந்துவிட்டது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அதற்குள் பியூலா மேடம் ஒரு பொன்னாடையுடன் வந்து எனக்குப் போர்த்திவிட்டார். பக்கத்தில் இருந்த சின்னக் கதவைத் திறந்து வைத்தார். வெளியே தெருவும் வெயிலும் தெரிந்தன.

“நன்றி மேடம். நீங்க கிளம்பலாம்.”

“நான் இன்னும் பேசவே இல்லையே.”

“பொன்னாடை போத்தியாச்சே.”

நான் அந்தக் கதவைப் பார்த்தேன். இப்படியே போய்விடலாம். மைனாவிடம், போனேன், அவர்கள் விடவில்லை என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. சாயங்காலம் தோசை வார்த்துக் கொடுப்பேன். புதுப் பாட்டைப் படித்துக் காட்டுவேன். அவள் சிரிப்பாள். என் கையைத் தலைக்கு வைத்துக்கொள்வாள். நாளையும் அப்படியே இருக்கும். கதவை நோக்கி நான் இரண்டடி வைத்தது நிஜம்.

கதவுப் பக்கத்து ஜமுக்காளத்தில் சண்முகக்கனி டீச்சர் உட்கார்ந்திருந்தார். விரலில் சாக்பீஸ் தூசி இன்னும் இருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

“மைனா எப்படி இருக்கா?”

“அப்படியே இருக்கா டீச்சர்.”

அவர் முகம் மலர்ந்தது. நிமிர்ந்து என்னை ஆவலாகப் பார்த்தார்.

“அப்புறம்?”

மேடையில் ஐயா படிப்பதை நிறுத்திவிட்டார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் சொல்ல வாயைத் திறந்தேன். என் பிள்ளைக்கு என்னிடம் அடுத்த பக்கம் இல்லை. அரங்கம் காத்திருந்தது. காத்திருக்கக் காத்திருக்க அதன் சுவர்கள் மெல்லத் தள்ளிப் போக ஆரம்பித்தன. தெருவுக்குப் போகும் கதவு சாவித் துளை அளவுக்குச் சிறுத்துவிட்டது.

பயத்தில் மேடை ஏறினேன். பையில் நாலைந்து படக்கதைகள் இருந்தன. எதை எடுத்தாலும் அதற்கு ஓர் அப்புறம் இருக்கும். கதை வேண்டாம் என்று தோன்றியது. மைனா குளிக்க அடம் பிடிக்கும்போது கட்டிய பாட்டு ஒன்று எந்தப் புத்தகத்திலும் வராமல் என்னிடம் இருந்தது. அதைச் சொன்னேன்.

சின்னச் சின்னப் பூனைக்குட்டி
கூடை மேல ஏறுச்சு
கூடை கவுந்து போச்சுது
குட்டி உள்ள மாட்டுச்சு
உள்ள பார்த்தா ஒரே இருட்டு
ஓரத்தில ஓர் ஓட்டை
ஓட்டை வழியா வெளிய வந்து
கூடை மேல ஏறுச்சு

“அப்புறம்?” என்று கேட்க எல்லோரும் வாயைத் திறந்தார்கள். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

“கூடை கவுந்து போச்சுது,” என்றார் சண்முகக்கனி டீச்சர்.

சொல்லிவிட்டு அவரே திகைத்தார். பின்வரிசையில் யாரோ, குட்டி உள்ள மாட்டுச்சு என்றார். கட்டைவிரல் வாயில் இருந்தவர் அதை எடுத்துவிட்டு, உள்ள பார்த்தா ஒரே இருட்டு என்றார். பாட்டு ஜமுக்காளத்தைச் சுற்றிவந்தது. கேட்க வேண்டியதையும் சொல்ல வேண்டியதையும் அவர்களே செய்துகொண்டதால் மேடைக்கு வேலை இல்லாமல் போனது. மூன்றாம் சுற்றிலோ நான்காம் சுற்றிலோ ஒருவர் எழுந்தார். கால் மரத்துப்போயிருந்தது, உதறிக்கொண்டார். என் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்றார். அவருக்கு அவசரம் வந்துவிட்டது. பிறகு எல்லோருக்கும் வந்தது. பைகளைத் தேடினார்கள், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டார்கள், பாடிக்கொண்டே பெரிய கதவு வழியாக முட்டிமோதி வெளியேறினார்கள்.

பியூலா மேடம் காலி ஜமுக்காளத்தைச் சுருட்டத் தொடங்கினார். பயிற்சியின் முடிவை மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும், ஆனால் முடிவு என்ன என்று தெரியவில்லை என்றார். எனக்கும் தெரியவில்லை என்றேன்.

வேதமுத்து ஐயா புத்தகத்தை மூடிவிட்டு நடைக்கு வந்தார். அதன் கோடியில் ரூபவதி அக்கா ஒரு புள்ளியாகத் தெரிந்தார். ஐயா நடந்தார். பல வருடம் நிதானமாகப் படித்த மனிதர், நிதானமாகவே நடந்தார். அவர் நடக்க நடக்க நடை நீண்டது. பொறுமை கூடாது ஐயா என்று நான் ஓடிப்போய் அவர் காதில் சொன்னேன். அவர் நின்று வயிற்றைத் தடவினார்.

“ரூபா, எனக்குப் பசிக்குது,” என்றார். “என்னால இனிமே ஒரு நிமிசம் தாங்காது.”

அவர் கண் முன்னால் தூண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ரூபவதி அக்கா மூடியைத் திறந்தபடி வந்து நின்றார். ஆவி பறந்தது. இருவரும் சின்ன நாற்காலிகளில் உட்கார்ந்து ஒரே மூடியில் சாப்பிட்டார்கள். அவர் சாப்பிடுவதையே அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். உப்பு போதுமா என்று கேட்டார். அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை.

*

சண்முகக்கனி டீச்சர் பள்ளிக்கு ஓட்டமாகப் போனார். நான் பின்னால் ஓடினேன். வழியெல்லாம் அவர் பூனைக்குட்டியைச் சொல்லிக்கொண்டே வந்தார். வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்தார்கள். கடிகாரம் டீச்சரைப் பார்த்துவிட்டு ஒரு மணி அடித்தது. தாமதமாக வந்ததைக் கண்டித்ததாக இருக்கலாம்.

டீச்சர் சாக்பீஸை எடுத்தார். ‘மழை பெய்தால்’ என்பதற்குப் பக்கத்தில் ‘நனைவோம்’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தார்.

ஜன்னலுக்கு வெளியே நின்று நான் பார்த்தேன். பிள்ளைகள் அந்த வரியைச் சத்தம் போட்டு வாசித்தார்கள். வாசிக்கும்போதே சிலருக்குக் குரல் உடைந்தது. பள்ளி விட்டது. வெளியே வந்தவர்களில் சில பையன்களுக்கு மீசை அரும்பியிருந்தது. ஒருத்தி கல்யாணப் பத்திரிகை கொடுத்துக்கொண்டே போனாள்.

மைனா படியிறங்கி வரும்போது என் இடுப்பளவு இருந்தாள். ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

“கூட்டிட்டு வந்துட்டியே,” என்றாள்.

அவள் தலை என் நெஞ்சில் பட்டது. பிறகு தோளில் பட்டது. கையை விலக்கிப் பார்த்தபோது அவள் என்னைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் அவள் முகம்தான். கண்ணுக்குக் கீழே கொஞ்சம் களைப்பு இருந்தது. எங்கே வேலை பார்த்துக் களைத்தாள் என்று எனக்குத் தெரியாது.

பசிக்கிறதா என்று கேட்டேன். காபி குடித்துவிட்டேன் என்றாள். அவள் காபி குடிப்பாள் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். புதுப் பாட்டு ஒன்று இருக்கிறது, படிக்கட்டுமா என்றேன். வண்டியில் போகும்போது படி என்றாள். வேகமாக நடந்தாள். அவளுடைய ஓர் அடிக்கு நான் இரண்டடி வைக்க வேண்டியிருந்தது. பிறகு மூன்று.

மினி பஸ் வந்தது. அவள் ஏறிவிட்டாள். படி எனக்கு எட்டவில்லை. கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள். உட்கார ஓர் இடம்தான் இருந்தது.

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு எங்கள் பக்கம் குனிந்தார். நான் வழக்கம் போல ஒரு முழு, ஓர் அரை என்றேன். அவர் என்னையும் மைனாவையும் மாறி மாறிப் பார்த்தார். எது யாருக்கு என்று கேட்டார்.

“ஒரு முழு டிக்கெட் போதும்,” என்றாள் மைனா. “அம்மா என் மடியில உக்காந்துக்குவாங்க.”

கண்டக்டர் சரி என்று ஒன்றைக் கிழித்தார். வயதைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

நான் உட்கார்ந்தேன். திருப்பத்தில் சரிந்துவிடாமல் இருக்க அவள் என் வயிற்றைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டாள். பாட்டுப் புத்தகத்தை எடுக்கப் பையைத் தேடினேன். பை அவள் தோளில் இருந்தது. வீடு வர நேரமாகும், கொஞ்சம் தூங்கு என்றாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. மூக்கு ஜன்னல் கம்பிக்கு எட்டியது. வெளியே எல்லாம் பெரிது பெரிதாகப் போய்க்கொண்டிருந்தது.